அத்தையின் இடது கன்னம்

1

ஆடி மாதத்தில் எனக்கு இரண்டு ஆண்டு நிறைவுகள் வரும். நான் நெதர்லாந்தில் வந்து இறங்கியது ஓர் ஆடிக் கிருத்திகையன்று. ஆங்கிலத் தேதிப்படி ஒன்று, நட்சத்திரப்படி ஒன்று. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். முதல் நாளுக்கு அலுவலகத்தில் கேக் உண்டு. இந்த ஊர் வழக்கப்படி கொண்டாட வேண்டியவனே கேக் வாங்கிப் போக வேண்டும், வாங்கிப் போகிறேன். இரண்டாவது நாள் எனக்கு மட்டும் தெரியும். அன்று திருத்தணியில் மலைப்படி நெடுகப் பூக்காவடிகள் ஏறிக்கொண்டிருக்கும். இங்கே ஐந்தோவன் நகரில் நான், இன்றைக்கு எந்த நிறக் குப்பைத்தொட்டி என்று அட்டவணையைப் பார்த்து வாசலுக்கு உருட்டிக்கொண்டிருப்பேன்.

தேதி பார்க்கும் பழக்கம் என் அப்பா, நைனாவிடமிருந்து வந்தது. அவர் பிறந்தபோது எங்கள் ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அவர் பள்ளிக்கூடம் போனபோது ஆந்திரத்தில் இருந்தது. அறுபதாம் ஆண்டு எல்லையைத் திருத்தியபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. “நானு எங்கயும் போவல, ஊருதான் போய்ட்டு வந்துச்சு” என்பார். நான் விமானம் ஏறிய அன்றும் அதையே சொல்லி அனுப்பினார். அப்போது அது வேடிக்கையாக மட்டும் பட்டது.

ஆடிக் கிருத்திகைதோறும் எதையாவது எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். இந்த முறை எழுதுவது முகத்தில் பூசுகிற ஒரு சீரத்தைப் பற்றி. வயதான காலத்தில் இவனுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். பூசிக்கொண்டது நான் அல்ல. பூசிக்கொண்டிருக்க வேண்டியவர் என் அக்கா.

2

என் மகள் வள்ளி இங்கேயே பிறந்தவள். வேதியியல் படித்துவிட்டு, அழகுசாதனப் பொருள்கள் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தமிழ் சமையலறை வரைக்கும் வரும், வாசல் தாண்டாது. திருத்தணியில் இருக்கும் அத்தையோடு அவளுக்கு வருடத்தில் இரண்டு மூன்று பேச்சுகள். பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. “நல்லா இருக்கீங்களா அத்தை, நான் நல்லா இருக்கேன்.” அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். சரோஜா அக்கா ஒவ்வொரு தடவையும், “இன்னும் கொஞ்ச நேரம் அவகிட்டயே குட்றா” என்பாள். கொடுக்க வள்ளி அங்கே இருக்க மாட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வள்ளியும் அவளுடைய தோழியும் சொந்தமாக ஒரு சீரம் தயாரித்து விற்பது என்று முடிவு செய்தார்கள். தாவரங்களிலிருந்து எடுத்த ஆன்டி ஆக்ஸிடன்ட்தான் அதில் முக்கியம். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும், வெயில் பட்ட தோல் கறுத்துத் தளர்வதும் ஒரே குடும்பத்து வேலைகள். எல்லாவற்றிலும் ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. ஆன்டி ஆக்ஸிடன்ட் முன்னால் போய் நின்று, ஆக்சிஜனுக்குத் தன்னை முதலில் கொடுத்துவிடும். தான் கெட்டு மற்றதைக் காப்பாற்றும். தேயிலையில் இருக்கிறது, மாதுளையில் இருக்கிறது, நெல்லிக்காயில் நிறைய இருக்கிறது என்று சொன்ன வள்ளி, நெல்லிக்காய் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டாள்.

நான் அக்காவைக் கேட்டேன். அக்கா நெல்லிவற்றலோடு, கேட்காத ஆவாரம்பூவையும் காயவைத்து, பிஸ்கட் டப்பாவில் அடைத்து அனுப்பினாள். வள்ளிக்கு இரண்டிலும் வேலை இருந்தது. நன்றி சொல்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை வீடியோவில் அழைத்தாள். அன்றுதான் அத்தையின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு படர்ந்திருந்தது. இடது கன்னத்தில் அதிகம்.

“அத்தை, நான் உங்களுக்கு ஒண்ணு செஞ்சு அனுப்பறேன்” என்றாள். அன்று அவள் போனை என்னிடம் கொடுக்கவில்லை.

3

அக்காவுக்குச் சரவணப் பொய்கை போகும் வழியில் ஒரு சின்னக் கடை. மொட்டை போட்டு வருகிறவர்களின் தலையில் பூசச் சந்தனம் கரைத்து விற்கிறாள். நிழலில் கடை போட்டால் ஆள் கண்ணில் படாது என்று, வெயிலிலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். மங்கு வந்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அதிகம். எங்கள் காலைக் காப்பி நேரத்தில் அங்கே நடுப்பகல் தாண்டியிருக்கும், வெயில் கொதிக்கும். வள்ளி சரியாக அந்த நேரத்தில்தான் அழைப்பாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பேன். திரையில் அக்காவின் தோளுக்குப் பின்னால் ஈரம் சொட்டும் மொட்டைத் தலை ஒன்று எட்டிப் பார்க்கும். அக்கா திரும்பாமலே, “இருப்பா, தம்பி பொண்ணு பேசுது. செத்த நில்லு, மண்ட எங்கயும் ஓடிப் போவாது” என்பாள்.

“இடது கன்னம் காட்டுங்க அத்தை. கிட்ட. இன்னும் கிட்ட.”

அக்கா போனைக் கன்னத்தில் ஒட்டாத குறையாக வைத்துக்கொள்வாள். வள்ளி படம் பிடிப்பாள், பெரிதாக்கிப் பார்ப்பாள், கணினியில் ஏதோ தட்டிக்கொள்வாள். பூசினீர்களா என்று கேட்பாள். அக்கா “ஆங்” என்பாள். எரிச்சல் இருக்கிறதா என்றால் “இல்லியே” என்பாள். ஒரு தடவை வள்ளி தனக்குத் தெரிந்த தமிழில், “அத்தை, உங்க முகம் எப்படி வேலை செய்யுது?” என்று கேட்டுவிட்டாள். அக்காவின் கணவர் பக்கத்தில் இருந்தார். எனக்குப் பாவா, பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டியவர், வார்த்தைக்கு வார்த்தை நக்கல். “ஞாயித்துக்கெழமம்மா, லீவு குட்டுட்டோம்” என்றார்.

சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து ஒருநாள் வள்ளி கேட்டாள், “அத்தை, அதுல என்னென்ன இருக்கு?”

“சந்தனம்னு பேரு இருக்குது” என்றாள் அக்கா.

வள்ளி சிரித்த சிரிப்பைக் கேட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். அந்த ஒரு வருடத்தில் வள்ளி கற்ற தமிழை நான் இருபது வருடத்தில் கற்றுக்கொடுக்கவில்லை. மங்கு, கன்னம், முந்தானை, நிழல். “வெயில்ல நிக்காதீங்க அத்தை” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அக்காவின் பேச்சு மாதிரியே, “வெயில்ல நிக்காத” என்று ஆகிவிட்டது. அக்கா கேட்டாள். ஸ்டூலைப் புங்கமரத்தடிக்கு மாற்றினாள். பாவா ஒரு கட்டம் போட்ட லுங்கியை இரண்டு கம்புக்கு நடுவே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மலைக்கு வருகிறவர்கள் வாங்கும் வெள்ளைத் தொப்பி ஒன்றும் அவள் தலையில் ஏறியது. “ஐயரு வூட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாப்ல கீது என் கடை” என்று அலுத்துக்கொண்டே அதன் அடியில் உட்கார்ந்தாள்.

மங்கு குறைந்தது. வாரா வாரம் குறைந்தது. வள்ளி படங்களைத் தேதிவாரியாக அடுக்கி என்னிடம் காட்டினாள். எனக்கு அந்த அடுக்கைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

4

சீரம் ஒரே தடவையில் முடிகிற காரியமில்லை. கலவை மாறும்போதெல்லாம் வள்ளி புது பாட்டில் அனுப்பினாள். முதலாவது, ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் போனது. மற்றவை தபாலில். ஒன்றைச் சுங்கத்தில் நிறுத்திவைத்து, இது மருந்தா அழகுப் பொருளா என்று அக்காவுக்குக் கடிதம் போட்டார்கள். அக்காவும் பாவாவும் சென்னைக்கு ரயில் ஏறிப் போய், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைந்து, ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்கள்.

இங்கேயும் காகிதத்துக்குக் குறைவில்லை. முகத்தில் பூசும் எதையும் இந்த நாட்டில் விற்க வேண்டுமானால் ஒரு கோப்பு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, வெப்பத்தில் எவ்வளவு காலம் தாங்கும், யாரெல்லாம் பூசிப் பார்த்தார்கள். ‘மங்கு குணமாகும்’ என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். ‘பொலிவு தோன்ற உதவும்’ என்று எழுதலாம், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். வள்ளியிடம் இருந்த ஆதாரங்களிலேயே அழகானது அத்தையின் இடது கன்னம்.

போன ஆடிக்கு நான் ஊருக்குப் புறப்பட்டபோது அவள் ஒரு வேலை கொடுத்தாள். அத்தையிடம் இருக்கும் பாட்டில்களை, தீர்ந்ததோ தீராததோ, அப்படியே எடுத்து வரவேண்டும். திருத்தணி வெயிலில் மிச்சமிருக்கும் சீரம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

5

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் அக்காவிடம் கேட்டேன். அவள் உள்ளே போனாள். சமையலறைக்குப் போவாள் என்று பார்த்தேன், பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைக்கும் பத்திரக் கவருக்கும் நடுவே ஒரு மஞ்சள் துணி. அதற்குள் எல்லா பாட்டில்களும் இருந்தன. ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை. மூடிமேல் சின்னதாகக் குங்குமப் பொட்டு.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் வந்தது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அடுத்தது புளித்தண்ணீர் மாதிரி. கடைசியாக வந்தது லேசான தேநீர். தேதி பார்க்க வேண்டியிருக்கவில்லை, நிறத்தைக் கொண்டே எது எப்போது வந்தது என்று அடுக்கிவிடலாம்.

எங்கள் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த எதையும் வந்த அன்றே பிரிக்க மாட்டார்கள். நான் முதல் தடவை வாங்கிப் போன வாசனைத் தைலம் நைனாவின் பெட்டியில் ஆவியாகிப் போனது. எனக்கு இது தெரியும். ஆனாலும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அக்கா முந்தானையால் ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அவதான சொன்னா, இது மொதல்ல கெட்டுப்போவும், அதனால மூஞ்சி கெடாதுன்னு. புள்ள கையால செஞ்சி இம்மாந்தூரம் வந்துகீது. இந்த மூஞ்சிக்கோசரம் அத கெட்டுப்போவ உடுவனா?”

“அப்ப வாரா வாரம் பூசினேன்னு சொன்னது?”

“அவ கேட்டா. ஆங்னு சொன்னேன். போடலன்னு சொன்னா அடுத்த வாரம் எதுக்குடா பேசப் போறா?”

அவளே தொடர்ந்தாள். “இந்த மூஞ்சிய யாரு இம்மாநேரம் பாத்தாங்க சொல்லு. உங்க பாவா பாத்தாரா? தாலி கட்டறப்பவே குனிஞ்சிகினு கட்னாரு.”

“நிமிந்து பாத்திருந்தா எழுந்து போயிருப்பேன் மச்சான்” என்றார் பாவா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்கா சிரிக்கவில்லை. பிறகு அவரே, “ஒரு சொட்டாவது போட்டுக்கினு போட்டோக்கு நில்லுன்னு அப்பவே சொன்னேன், கேட்டாளா” என்று மெதுவாகச் சொன்னார்.

மங்கு எப்படிக் குறைந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. லுங்கிப் பந்தலும் தொப்பியும் கண்ணெதிரில் இருந்தன. வள்ளி சொன்ன எல்லாவற்றையும் அக்கா செய்திருக்கிறாள், சீரம் பூசுவதைத் தவிர.

அன்று முழுக்க, “அவகிட்ட சொல்லிடாதடா” என்றாள். கோப்பு என்றால் என்ன, அந்தப் படங்களை வைத்து வள்ளி என்ன எழுதிக் கொடுக்கப்போகிறாள் என்று நான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் கிளம்பும் அன்று மஞ்சள் துணி மூட்டையை அவளே என் பையில் வைத்தாள்.

“எடுத்துகினு போ. நாளைக்கி எவனாவது கேள்வி கேட்டா அசிங்கம் புள்ளைக்குத்தான? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கு பாத்தாலே தெரியும்.”

6

வள்ளிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. பாட்டில்களைச் சன்னல் ஓரம் நிற்க வைத்தாள், நிறம் கூடிய வரிசையில். மூடியைச் சுற்றிய நெகிழி வளையம் அறுபடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். குங்குமம் எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். “அப்போ அந்தப் படங்கள்?” என்றாள். பந்தலையும் தொப்பியையும் சொன்னேன்.

“வெயில்” என்றாள். “வெயில் படாததுதான்.”

மாலைக்குள் அத்தையின் படங்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இந்தக் கறார் அவளுக்கு எங்கள் வீட்டுச் சொத்து. சின்ன வயதில் அவள் வரைந்த படங்களின் மூலையில் தேதி எழுதச் சொன்னவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். அக்கா கடையைப் பாவாவிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

“கோவமா வள்ளி?”

“இல்ல அத்தை.”

அது உண்மைதான். கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

அக்கா போனை இடது கன்னத்துக்குக் கொண்டுபோனாள். “நீ வாரா வாரம் பாத்த இல்ல, அதுலதாம்மா இது சரியாப் போச்சு” என்றாள். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் டச்சில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தமிழிலேயே, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“அத்தை, அதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?”

அக்கா அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். வள்ளி விளையாடவில்லை. உண்மையிலேயே அவளுக்குக் கோப்பில் அதற்கான கட்டம் எது என்று தெரியவில்லை.

பிறகு வள்ளியும் தோழியும் இந்த ஊரிலேயே வேறு சிலரைப் பிடித்தார்கள். அவர்கள் உண்மையாகப் பூசினார்கள், உண்மையாக அரிப்பு என்றார்கள், உண்மையாகப் பரவாயில்லை என்றார்கள். அவர்களைப் பார்க்கவே ஞாயிறு போதவில்லை. திருத்தணி அழைப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்றானது, மாதத்துக்கு ஒன்றானது, பிறகு பொங்கலுக்கு வந்தது. “நல்லா இருக்கீங்களா அத்தை, நான் நல்லா இருக்கேன்.” போன் என் கைக்கு வந்தது. முந்தானை என்ற சொல் வள்ளிக்கு இப்போது நினைவிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வள்ளி செய்தது சரி. அக்கா கொடுத்தனுப்பியதும் சரி. நான் சுமந்து வந்ததும் சரிதான். எல்லாரும் சரியாகவே நடந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விட்டது.

7

சீரம் இந்த வசந்த காலத்தில் விற்பனைக்கு வந்தது. அத்தைக்கு ஒரு பாட்டில் அனுப்ப வள்ளி மறக்கவில்லை. பெட்டியின்மேல் தமிழில் தானே எழுதியிருந்தாள்: ‘இதைத் திறக்கவும் அத்தை.’ என்னிடம் காட்டாமல் எழுதியது. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

அக்கா திறந்தாள். இந்தத் தடவை பீரோவுக்குப் போகவில்லை. தினமும் காலையில் சொட்டு எண்ணிப் பூசிக்கொள்கிறாள் என்று பாவா சொன்னார். ஞாயிறுதோறும் இடது கன்னத்தைப் படம் எடுத்து வள்ளிக்கு அனுப்புகிறாள். எனக்கும் ஒன்று வரும். பாட்டிலையும் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்திருப்பாள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிவதற்கு.

படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் லுங்கிப் பந்தல் இல்லை. தலையில் தொப்பி இல்லை. புங்கமரம் எங்கோ தூரத்தில் தெரிந்தது. பாட்டில் பாதிக்குக் கீழே போய்விட்டது. மங்கு திரும்பி வந்திருக்கிறது, போன தடவை இருந்ததைவிட அடர்த்தியாக.

ஒருநாள் வள்ளி வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது என் போனை அவளிடம் நீட்டினேன். அவளுக்கு வந்தவற்றை அவள் திறந்து பார்க்கவில்லை. வேலைச் செய்திகளுக்கு அடியில் அவை போயிருந்தன. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பழையபடி வெகுநேரம் பார்த்தாள்.

“வெயில்ல நிக்கிறாங்க” என்றாள். “இந்த வெயிலுக்கு எந்தச் சீரமும் தாங்காதுப்பா. ஞாயித்துக்கிழமை சொல்றேன்.”

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ஒன்றில் கண்காட்சி இருந்தது. ஒன்றில் தோழியின் வீடு மாற்றம். ஒன்றில் காரணம் எதுவும் இல்லை, மறந்துவிட்டாள்.

இந்த வருடக் கிருத்திகையன்று காலையில் குப்பைத்தொட்டியை உருட்டிவிட்டு வந்து அக்காவை நானே அழைத்தேன். பின்னால் மேளச் சத்தம், ‘அரோகரா’. அவள் முகம் வெயிலில் பளபளத்தது. தொப்பி எங்கே என்று கேட்டேன்.

“கீது.”

“எடுத்துப் போட்டுக்கோ அக்கா. பந்தலைக் கட்டச் சொல்லு பாவாவை. மங்கு எப்படி ஆகியிருக்குன்னு பார்த்தியா?”

“பாத்தேன்” என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனத்தை வழித்துப் பூசிக்கொண்டே, போனைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ சொல்லாதடா. நீ சொல்லி நானு தொப்பி போட்டுக்கினா, அப்பறம் அவ சொல்றதுக்கு இன்னா இருக்குது?”